மூன்றாவது பெயர்

செவ்வாய்க்கிழமை மதியம் பெய்த மழையில் எல்லிஸ் த்ரெல்ஃபாலின் காலுறை வரைக்கும் நனைந்துவிட்டது. ஆல்டன்ஷா டவுன் கால்பந்து அணியின் இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்கள் ஆடும் ஆட்டம் அது. பார்க்க வந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். பாதிப் பேர் ஆட்டக்காரர்களின் உறவினர்கள். மீதிப் பேர் போக வேறு இடமில்லாதவர்கள். எழுபத்து நான்கு வயதில் தாமும் இந்தப் பின்னவர்களோடு சேர்ந்துவிட்டோமோ என்று அவருக்கு அண்மைக்காலமாக அடிக்கடி தோன்றியது. இருந்தாலும் கழுத்துப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஈரப் பலகையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

வேடிக்கைக்காக அவர் வரவில்லை. ஊர் வாரப் பத்திரிகையான 'ஆல்டன்ஷா கூரியர்' வெள்ளிக்கிழமைதோறும் 'த்ரெல்ஃபாலின் மூவர்' என்று ஒரு பத்தி வெளியிட்டு வந்தது. அந்த வார இறுதி ஆட்டங்களில் முதல் கோல் அடிக்கக்கூடியவர்கள் என்று மூன்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பந்தயக் கடை கொடுக்கும் விலை, அதாவது ஒரு பவுண்டு கட்டினால் எத்தனை பவுண்டு கிடைக்கும் என்பது, பிறகு அந்தப் பெயரைச் சொல்வதற்கான காரணம். முதல் பெயர் மேல் டிவிஷனிலிருந்து வரும். இரண்டாவது அதற்கு அடுத்த டிவிஷனிலிருந்து. மூன்றாவது பெயர் எப்போதும் ஆல்டன்ஷா ஆட்டத்துக்கு உரியது. பத்தியை ஆரம்பித்தவர் அவருடைய அப்பா ஏமஸ். அப்பாவின் கை நடுங்கத் தொடங்கியதும் எழுதும் பொறுப்பு எல்லிஸுக்கு வந்தது. அப்பனும் மகனுமாக எழுபது வருடம் எழுதிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் ஒரு த்ரெல்ஃபால்கூடத் தாம் எழுதிய பெயர்மேல் ஒரு பென்னி கட்டியதில்லை. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையிலிருந்து கசியும் பேச்சைக் காதில் வாங்கி எழுதியதும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. அந்தக் குடும்பத்துக்குச் சொத்து என்று இருந்ததும் இது ஒன்றுதான்.

ஆனால் பதினான்கு வாரமாக அந்த மூவரில் ஒருவர்கூட முதல் கோல் அடிக்கவில்லை. ஆசிரியர் ஜெம்மா திங்கட்கிழமை போன் செய்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கும் பந்தயக் கம்பெனி வாராவாரம் தன் பட்டியலை இலவசமாகவே அனுப்புகிறதாம். பத்தியின் இடத்தையும் கேட்கிறதாம். "இத்தனை நாள் நான் மறிச்சு நின்னுட்டேன் எல்லிஸ். இந்த வாரம் ஒண்ணாவது விழணும். இல்லன்னா என் கையில ஒண்ணுமில்ல."

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் முழங்கால் வலிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது. தடுப்பாட்டக்காரன் டோமோஸ் ப்ரோபர்ட், வேல்ஸ்காரன், ஆறடி மூன்று அங்குலம், மாற்றுக் கோல்காவலனை நிறுத்திவைத்துப் பெனால்டி அடித்துப் பழகிக்கொண்டிருந்தான். எல்லிஸ் எண்ணினார். பதினாலு அடித்தான், பதின்மூன்று உள்ளே போனது. ஒவ்வொரு முறையும் மூன்றே எட்டு எடுத்து வைத்து அடித்தான். பெரும்பாலும் இடது மூலை, தரையோடு தரையாக. ஓரக்கோட்டில் மேனேஜர் மழையைப் பொருட்படுத்தாமல் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லிஸுக்கு மனசுக்குள் கணக்கு ஓடியது. அணிக்கு வழக்கமாகப் பெனால்டி அடிப்பவன் முன்வரிசைக்காரன் ஸ்டாண்டிஷ். கடைசி இரண்டில் ஒன்றை வானத்துக்கு அடித்தான், மற்றதைக் கோல்காவலன் கையில் கொடுத்தான். சனிக்கிழமை வரப்போகும் ஸ்கார்ஸ்பி அணியில் மூலை உதை வந்தாலே சட்டையைப் பிடித்து இழுக்கிற ஒருவன் இருக்கிறான். டிவிஷனிலேயே அதிகப் பெனால்டி கொடுத்த அணி அதுதான். வரப்போகும் நடுவரோ கடைசி எட்டு ஆட்டத்தில் ஐந்தில் பெனால்டிக்கு விசில் ஊதியவர். மேனேஜர் ஆளை மாற்றப்போகிறார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும், நனையவும் தயாராக இருந்தால்.

பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாய்க்குள் ஏதோ ஒரு பழைய மெட்டை முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

புதன்கிழமை காலை சந்தை வீதியிலிருந்த பந்தயக் கடைக்குப் போனார். வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யார் மேலும் உரசாமல் கவுன்டர் வரை நடந்தார். கடையை நடத்தும் பிரெண்டா விலைப் பட்டியலை எடுத்து நீட்டினாள்.

"வாங்க மிஸ்டர் த்ரெல்ஃபால். உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். கால் எப்படி இருக்கு?"

"இருக்கு பிரெண்டா. எங்கேயும் போயிடல."

ஸ்டூலில் உட்கார்ந்து நாய்ப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்த நாரிஸ், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன், திரும்பினான்.

"எல்லிஸ், இந்த வாரம் யாரு? இப்பவே சொல்லிட்டீங்கன்னா அந்த ஆளை விட்டுட்டு மத்தவன் மேல கட்டிடுவேன்."

"வெள்ளிக்கிழமை பேப்பர் வாங்கிப் பாரு."

"வாங்காம இருப்பேனா? பதினாலு வாரமா நீங்க எழுதாதவன்தானே அடிக்கிறான்! இப்படி ஒரு வழிகாட்டி இங்கிலாந்துலயே கிடையாது."

"வாயை மூடுய்யா," என்றாள் பிரெண்டா. "இவங்க அப்பா எழுதுன காலத்துல உங்கப்பா ஜெயிச்சு வீடு வாங்கினார்னு நீதானே பீத்திக்குவ?"

"வீடு இல்ல. சமையலுக்குப் புது அடுப்பு."

"அடுப்போ வீடோ, வாங்கினாரா இல்லையா?"

எல்லிஸ் பட்டியலை விரித்தார். ஆல்டன்ஷா வரிசையில் கண்ணை ஓட்டினார். ஓல்ட்ராய்ட், நடுமுன்வரிசை, நாலரைக்கு ஒன்று. ஸ்டாண்டிஷ், ஆறுக்கு ஒன்று. பட்டியலின் அடிமட்டத்தில், கோல்காவலனுக்குச் சற்று மேலே, ப்ரோபர்ட். முப்பத்து மூன்றுக்கு ஒன்று. தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் ஒரு நிமிடம் நின்று மூச்சு விட்டார்.

வியாழக்கிழமை நாலு மணிக்குள் பத்தி போய்ச் சேர வேண்டும். ஒன்றரை மணிக்கு, சூப்பைக் குடித்துக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி க்ளிஃபர்ட். ஆல்டன்ஷா டவுன் அணியில் ஆட்டக்காரர்களின் சட்டை, பூட்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது முப்பது வருடமாக அவன் வேலை. அந்த முப்பது வருடமும் அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வானிலையையும் அரசாங்கத்தையும் தவிர வேறொன்றும் பேசியதில்லை. ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பது அப்பா காலத்து ஏற்பாடு.

"அண்ணே, பக்கத்துல யாருமில்லையே?"

"யாரு இருக்கப்போறா இங்க? என்ன விஷயம்?"

"ஸ்டாண்டிஷுக்குத் தொடையில பிடிச்சுக்கிச்சு, சனிக்கிழமை இறங்கமாட்டான். பெனால்டி கிடைச்சா ப்ரோபர்ட்தான் அடிக்கணும்னு மேனேஜர் காலையில சொல்லிட்டார். நான் பூட்ஸ் துடைச்சுக்கிட்டு ரெண்டடி தள்ளித்தான் நின்னேன்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். நிறுத்து என்று சொல்ல எல்லிஸ் வாயைத் திறந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

"க்ளிஃப்... நீ என்ன காரியம் பண்ணியிருக்கேன்னு தெரியுதா?"

"தெரியும் தெரியும். ஆகஸ்ட் மாசம் கையெழுத்துப் போட்டுக் குடுத்த காகிதத்துல எல்லாம் இருக்கு. அணிக்குள்ள நடக்குறதை வெளிய சொல்லக்கூடாது, பந்தயக்காரன் காதுல விழக்கூடாது. நீ என்ன பந்தயக்காரனா? என் அண்ணன்."

"நான் பத்திரிகையில எழுதுறவன்டா."

"எழுதத்தானே சொல்றேன்! ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்குது. துணி துவைக்கிற அறையில பசங்க உன் பேரைச் சொல்லிக் கேலி பண்றானுங்க, நான் குனிஞ்ச தலை நிமிராம காலுறை மடிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கும் அதே பேருதானே? என் ஆயுசுல ஒரே ஒரு தடவை உனக்கு உதவி பண்றேன். வாங்கிக்கோயேன்."

"போனை வை க்ளிஃப்."

"அண்ணே..."

"வைடா."

எல்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைமேல் காலையிலேயே எழுதி முடித்த பத்தி இருந்தது. மூன்றாவது பெயர் ப்ரோபர்ட். கீழே அவர் கையெழுத்தில் காரணங்கள்: ஸ்டாண்டிஷ் தவறவிட்ட இரண்டு, ஸ்கார்ஸ்பியின் சட்டை இழுப்பவன், நடுவரின் விசில், செவ்வாய்க்கிழமை மழை, பதினாலில் பதின்மூன்று. ஒவ்வொரு வரியும் அவர் கண்ணால் கண்டு கணக்குப் போட்டது. ஐந்து நிமிடத்துக்கு முன்வரை அது சுத்தமாக இருந்தது.

இப்போது சுத்தமாக இல்லை. அவர் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. தம்பியின் குரல் அதன்மேல் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அனுப்பிவிட்டால் என்ன? சனிக்கிழமை இரண்டு மணிக்கு அணிப் பட்டியல் வெளியாகும். ஸ்டாண்டிஷ் பெயர் இருக்காது. மூன்று மணிக்கு மேல் ப்ரோபர்ட் பெனால்டி அடிப்பான். முப்பத்து மூன்றுக்கு ஒன்று என்று வெள்ளிக்கிழமையே எழுதியவர் யார்? எல்லிஸ் த்ரெல்ஃபால். அணியின் பூட்ஸ் துடைப்பவர் யார்? க்ளிஃபர்ட் த்ரெல்ஃபால். நாரிஸுக்கு இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்க எத்தனை நொடி ஆகும்? அவர் மழையில் நனைந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பும்படி எழுதியிருக்கிறார் என்பார்கள். தம்பியின் வேலை போகும். அதைவிட, எழுபது வருடமும் அப்படித்தான் எழுதினார்களோ என்று அப்பாவின் கல்லறை வரைக்கும் பேச்சு போகும்.

யாருமே எதுவும் கேட்காமலும் போகலாம். அதையும் அவர் நினைத்துப் பார்த்தார். இந்தக் காலத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனால் யாராவது கேட்டால், தம்பி உனக்குச் சொன்னானா என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால், சொல்லவில்லை என்று அவரால் சொல்ல முடியாது. இன்று காலைவரை சொல்லியிருக்க முடியும்.

பேனாவை எடுத்து மூன்றாவது பெயரையும் காரணங்களையும் அடித்தார். மிச்சம் இருந்த இரண்டையும் ஒற்றை விரலால் கணினியில் தட்டி அனுப்பினார்.

மூன்றரைக்கு ஜெம்மா அழைத்தாள்.

"எல்லிஸ், ரெண்டு பேருதான் வந்திருக்கு. மூணாவது விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகலம்மா. இந்த வாரம் ரெண்டுதான்."

"தலைப்புலயே மூவர்னு இருக்கே. அதுவும் ஆல்டன்ஷா ஆளு இல்லாம ஆல்டன்ஷா பேப்பர்ல எப்படிப் போடறது? ஓல்ட்ராய்டைப் போட்டுடவா? எல்லாரும் அவனைத்தானே சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றதைச் சொல்றதுக்கு நான் எதுக்கு? அவன் முதல்ல அடிப்பான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. நம்பாத பேருக்கு மேல எங்கப்பா பேரைப் போட முடியாது."

"யாரு இதையெல்லாம் பார்க்கப்போறா எல்லிஸ்? ஒரு பேரு. ஏதோ ஒரு பேரு. அதை வெச்சுக்கிட்டு நான் இன்னும் ஒரு வாரமாவது சண்டை போடுவேன்."

அவளுடைய குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நிஜமா உங்களுக்கு யார் மேலயுமே நம்பிக்கை இல்லையா?" என்றாள்.

இல்லை என்றால் பொய். உண்டு என்றால் யார் என்பாள். எல்லிஸ் ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுற மாதிரி யாரும் இல்லம்மா," என்றார் கடைசியில்.

மறுமுனையில் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "அப்படின்னா அவங்ககிட்ட நான் சொல்லிக்க எதுவுமே இல்லாம போயிடுச்சு எல்லிஸ். கம்பெனிப் பட்டியல் காலையிலேருந்து வந்து கிடக்கு. உங்க பேரு, படம் ரெண்டையும் மேல வெச்சுக்கச் சம்மதம்னாங்க. அதுக்கு மாசாமாசம் தொகையும் உண்டாம்."

"பேரை எடுத்துடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"யோசிச்சாச்சு. ஒரு எழுத்து மிச்சம் இருக்கக்கூடாது. நீங்க நல்லவங்க ஜெம்மா. உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

போனை வைத்த பிறகு அவருக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. நாற்காலியிலேயே ஆறு மணி வரை தூங்கினார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் அந்த இடத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பட்டியல் இருந்தது. இருபது பெயர், இருபது விலை, காரணம் ஒன்றுகூட இல்லை. பத்தி என்ன ஆயிற்று என்று கேட்டு இரண்டு பேர் பத்திரிகைக்குப் போன் செய்தார்கள். ஒருத்தி, அவர் இறந்துவிட்டாரோ என்று பயந்து கூப்பிட்டவள்.

சனிக்கிழமை அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். வராமல் இருந்தால் முகத்தை மறைக்கிறார் என்பார்கள். இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் அணிப் பட்டியலை வாசித்தார்கள். ஸ்டாண்டிஷ் இல்லை. இரண்டு வரிசை பின்னாலிருந்த நாரிஸ், கையிலிருந்த போனில் ப்ரோபர்ட்டின் விலை பதினாறாக இறங்கிவிட்டது என்று யாரிடமோ சொன்னான்.

இருபத்து மூன்றாவது நிமிடம் மூலை உதை. ஸ்கார்ஸ்பியின் அந்த ஆள் ஓல்ட்ராய்டின் சட்டையை முதுகுவரை கிழிக்கிற மாதிரி இழுத்தான். விசில். ஆறாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். எல்லிஸும் எழுந்தார், முன்னால் இருந்தவர் மறைத்ததால். ப்ரோபர்ட் பந்தை வைத்தான். மூன்று எட்டு. இடது மூலை, தரையோடு தரையாக.

மைதானமே அதிர்ந்தது. எல்லிஸ் கைதட்டினார். ஆல்டன்ஷாவின் கோல், தட்டாமல் இருக்க முடியாது. தட்டி முடித்ததும் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை முதல் தாம் கணக்குப் போட்டது ஒவ்வொன்றும் சரி என்று இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அது ஒரு கனம்போல மடியில் உட்கார்ந்திருந்தது.

நாரிஸ் குனிந்து அவர் தோளைத் தட்டினான்.

"எல்லிஸ், நல்லவேளை இந்த வாரம் நீங்க எழுதல! எழுதியிருந்தீங்க, பந்து கார் நிறுத்துற இடத்துக்குப் போயிருக்கும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லிஸும் உதட்டை விரித்தார். "போயிருக்கலாம் நாரிஸ்," என்றார்.

ப்ரோபர்ட்டின் முப்பத்து மூன்றுக்கு ஒன்று பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அணித் தலைமையிலிருந்தும் கேட்கவில்லை, பந்தயக் கடையிலும் கேட்கவில்லை. எழுதியிருந்தாலும் ஒருவேளை கேட்டிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வீட்டுக்குப் போனார். க்ளிஃபர்டின் மனைவி மாரீன் மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் பொங்கிய மாவுப் பணியாரமும் பரிமாறினாள். க்ளிஃபர்ட் கத்தியைத் தட்டில் உரசிக்கொண்டே இருந்தான். வானிலை இரண்டு வாய்க்குள் முடிந்துபோனது. அரசாங்கத்தை யாரும் தொடவில்லை.

"ஏன் எழுதல?" என்றான் திடீரென்று.

"க்ளிஃப், சாப்பாட்டு நேரத்துல..." என்றாள் மாரீன்.

"நீ சும்மா இரு. முப்பத்து மூணுக்கு ஒண்ணு! என் வேலையை அடகு வெச்சுக் கொண்டுவந்து கையில குடுத்தேன். பத்தியையே மூடிட்டு வந்து உட்கார்ந்திருக்காரு. பூட்ஸ் துடைக்கிறவன் வாயிலேருந்து வந்துச்சுன்னு மட்டமாயிடுச்சா? என் பேச்சு மேல நம்பிக்கை இல்லையா?"

எல்லிஸ் இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டும் கை ஒரு கணம் நின்றது. நீ போன் செய்வதற்கு முன்பே அந்தப் பெயர் என் மேசைமேல் இருந்தது என்று சொல்லலாம். சொன்னால் க்ளிஃபர்ட் நம்புவான். நம்பியபின் தன் ஆயுசில் அண்ணனுக்குச் செய்த ஒரே உதவி என்ன செய்தது என்று அவனுக்குப் புரியும். அந்தப் புரிதலோடு அவன் இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த மேசையில் உட்கார வேண்டும்?

"உன்னை நம்பினேன் க்ளிஃப்," என்றார். "நம்பினதாலதான் எழுதல."

"இது என்ன பேச்சு? ஒண்ணும் விளங்கல."

"விளங்க வேண்டாம். நீ சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. அது போதும்."

க்ளிஃபர்ட் அவர் முகத்தையே பார்த்தான். அண்ணன் தன்னை மன்னிக்கிறாரா, அவமானப்படுத்துகிறாரா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. காதுவரை சிவந்து போனான்.

"அப்பா மாதிரியேதான் இருக்க," என்றான். அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை.

"இனிமே வியாழக்கிழமை எனக்குப் போன் பண்ணாதே."

"இனிமே உனக்கு வியாழக்கிழமை எதுக்கு?"

மாரீன் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தது எல்லிஸுக்குத் தெரிந்தது. அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"அதுவும் சரிதான்," என்றார். குழம்பு ஜாடியை எடுத்து முதலில் தம்பி தட்டில் ஊற்றினார். பிறகு தன் தட்டில்.